ஒட்டிக்கொண்ட பொட்டு

சொல்லியிருக்கலாம். பீச் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, துணிப்பைக்குள் இருந்த பெரிய சதுர அட்டையை மடங்கிவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டதும் வடிவுக்கு முதலில் தோன்றியது அதுதான். சொல்லியிருக்கலாம். என்ன பெரிய சங்கதி. மேடம், இது மச்சம் இல்லை, என் குழந்தைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு, அவளுக்கு முத்தம் கொடுத்தபோது என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். இதைவிட நீளமான அடியையெல்லாம் மூச்சு வாங்காமல் பாடுகிறவள்தான் அவள். ஆனால் கோடம்பாக்கத்தில் அந்தப் பாட்டுக் கம்பெனியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே குளிர் முகத்தில் அடிக்கிறது, செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு தடுமாற்றம், அதிலேயே பாதித் தைரியம் கழன்றுவிடுகிறது. மீதிப் பாதியைத் தாரிணி மேடத்தின் சிரிப்பு வாங்கிக்கொள்கிறது. அட்டை வரைகிறவள், படம் எடுக்கிறவனுக்கு வழி சொல்கிறவள், எந்தப் பாட்டுக்காரி எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு பண்ணுகிறவள் தாரிணிதான். வடிவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், ஆனாலும் மேடம். இன்றைக்கு அவள் இரண்டு கையாலும் அந்த அட்டையை ஏந்தி, பிரசவ அறையிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிற நர்ஸ் மாதிரி, "பாருங்க வடிவு, உங்க முதல் ஆல்பம்" என்று மேஜையில் வைத்தாள். பழைய காலத்து இசைத்தட்டு, மறுபடியும் அதற்குத்தான் மவுசாம். வெள்ளை அட்டை. அதில் வடிவின் முகம் மட்டும், முறத்தளவு. பேர் கிடையாது. "பேர் எதுக்கு, பொட்டு மாதிரி அந்த மச்சம் ஒண்ணு போதும்" என்றாள் தாரிணி. பொட்டு என்று அவள் வாயாலேயே வந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். இடது கன்னத்தில் மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் அட்டையை வட்டமாக வெட்டி ஓட்டை போட்டிருந்தார்கள். உள்ளே தட்டு இருக்கிற உறை முழுக் கறுப்பு, அந்தக் கறுப்புதான் ஓட்டை வழியாக மச்சமாகத் தெரிகிறது. "பாட்டைக் கேக்க உறையை வெளிய எடுத்தா மச்சம் காணாமப் போயிடும், திரும்ப உள்ள வச்சா வந்துடும். எப்படி?" நல்லா இருக்குங்க மேடம் என்றாள் வடிவு. பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே வீடியோ கால்ல வர்றேன். வீட்டு வெளிச்சத்துல எப்படித் தெரியுதுன்னு பாத்துடலாம். நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே அச்சுக்கு அனுப்பிடுவேன்." சரிங்க மேடம். அவள் வாயிலிருந்து தடையில்லாமல் வருகிற ஒரே வார்த்தை அது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பியது. ராயபுரம் வரைக்கும் ஊர்ந்துதான் போகும். காற்றில் துறைமுகத்து இரும்பு வாசனை. அன்றைக்கும் இதே வண்டிதான், எதிர்ப்பக்கம் போகிற வண்டி, மடியில் அட்டைக்குப் பதில் மிதுளா. முதல் தடவை படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது மிதுளா கவிழ்ந்துகூடப் படுக்காத குழந்தை, பால்குடியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று குமுதா அண்ணியையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். புருஷன் கஜேந்திரனின் அக்கா. வாய்தான் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. கம்பெனி வாசலில் ஆட்டோவுக்குள்ளேயே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வடிவு பால் கொடுத்தாள். குழந்தை குடித்தபடியே தூங்கிப்போனது. உதட்டோரம் ஒரு சொட்டுப் பால், கன்னத்தில் காலையில் குளிப்பாட்டி வைத்த மைப்பொட்டு, வேர்வையில் லேசாக இளகி, ரயில் முழுக்கப் பார்த்தவர்கள் கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்டு. விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள். "போடி போ, புருசன் வூட்டுக்கா போற, பாடத்தானே போற, புள்ள எங்கயும் ஓடிடாது" என்று அண்ணி தள்ளிவிட்டாள். உள்ளே போனதும் தாரிணி இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "யாரும் இவங்க முகத்தைத் தொடாதீங்க. மேக்கப் வேண்டாம். அந்த மச்சம்… அதை மறைக்காதீங்க." என்ன மச்சம் என்று வடிவுக்குப் புரியவில்லை. படம் எடுத்து முடித்துக் கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் என்பது பெரிய ஏமாற்றுக்காரன். அந்தப் படத்தோடு முதல் பாட்டு வெளியே வந்து, தெருத் தெருவாகப் போய், செல்போன் உறையில், ஆட்டோ முதுகில், கல்லூரிப் பெண்கள் கன்னத்தில் என்று பொட்டு பரவிய பிறகு, எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது. இரண்டாம் தடவை கன்னம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, அவளே வரைந்துகொண்ட மச்சம் போலிருக்கிறது என்று மேடமே முடிவு கட்டி, வரைவதற்கு மேக்கப்காரனை வைத்துவிட்டாள். ஆல்பத்துக்குப் பேரே 'மச்சம்' என்று வைத்துவிட்டார்கள்.

ராயபுரத்தில் கூட்டம் ஏறியது. அட்டையின் மூலை யார் முழங்காலிலோ இடித்துவிடப் போகிறது என்று பையை இன்னும் இழுத்து அணைத்தாள். நெஞ்சில் பட்டபோது வலித்தது. பால் கட்டியிருக்கிறது. காலையில் கொடுத்தது. மிதுளாவுக்கு ரெண்டு நாளாக உடம்பு கதகதவென்று இருக்கிறது, சோறு இறங்கவில்லை, பால் மட்டும்தான். இந்நேரம் தேட ஆரம்பித்திருக்கும். நினைத்தாலே போதும், அது பாட்டுக்குச் சுரந்துவிடுகிறது. நல்லவேளை கறுப்புச் சட்டை. முதல் நாளும் கறுப்புதான் போட்டுக்கொண்டு போனாள், நனைந்தால் தெரியாது என்று. மேடம் அதையும் பிடித்துக்கொண்டாள், இனிமேல் உங்களுக்கு எப்போதும் கறுப்புதான் என்று. ராத்திரியெல்லாம் தொட்டிலை ஆட்டி ஆட்டிக் கண் செருகிப்போயிருந்ததை, இந்தப் பாதி மூடின கண்ணு, இதுதான் வேணும் என்றாள். குரலும் அப்படித்தான். பிள்ளை எழுந்துகொள்ளக் கூடாதே என்று தொண்டைக்குள்ளேயே பாடிப் பழகிய குரல், ஒரு குடிசை மாற்று வாரிய வீட்டில், பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்கும் கீழே தணித்துத் தணித்து, கிட்டத்தட்டக் காற்றாகிப்போன குரல். அதற்குத்தான் 'காதோரம் ரகசியம் சொல்லும் குரல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அட்டைக்குள் பாட்டு வரிகளோடு ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது, அதில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எட்டாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், மேடத்துக்கு உதடு அசைவது தெரியக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு. 'பிறக்கும்போதே இரவு இவள் கன்னத்தில் ஒரு முத்திரை இட்டது. இவள் எவருக்கும் உரியவள் அல்லள். இவளுக்காக எந்த வீட்டிலும் விளக்கு எரிவதில்லை.' எழுதினவர்கள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கடைசி வரியை இரண்டாம் தடவையும் படித்தாள். இந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அது தான்தான் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோய்.

ஆசை இல்லையா என்றால் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. தன் முகத்தை இவ்வளவு பெரிதாக அவள் எங்கே பார்த்திருக்கிறாள். வீட்டுக் கண்ணாடி கையகலம், ரசம் போனது, நெற்றி தெரிந்தால் மோவாய் தெரியாது. கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாப் படத்திலும் தலையைக் குனிந்திருக்கிறாள், "ஏம்மா, தரையில இன்னா காசா கொட்டிக் கெடக்கு" என்று படம் எடுத்தவன் கேட்டதுதான் மிச்சம். இந்த அட்டையில் இருக்கிறவள் குனியவில்லை. நேரே பார்க்கிறாள். இவள் மாதிரி இருக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். இவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் செருப்பைப் பற்றி யோசிக்கமாட்டாள். கடலுக்குப் போகிற நாளில் கஜேந்திரன் சொன்னான், "நீ பாட்டுக்குப் பாடு வடிவு, மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க." அவனுக்கு எல்லாமே சுலபம். பத்து மீன் மாட்டினால் போதும், வலையில் எந்தப் பக்கம் கிழிசல் என்று பார்க்கமாட்டான். பாட வேண்டும். பாடாமல் இருக்க முடியாது. அந்த ஒலி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் உடம்பு லேசாகி மிதக்கிறது, அதை இனிமேல் விட முடியாது. சொல்லிவிட்டால்? ஐயய்யே, இவ்வளவுதானா, ஈஷிக்கொண்ட மையா என்று ஊரே சிரித்தால்? வெட்டின அட்டையெல்லாம் வீண் என்று மேடம் முகம் மாறினால்? உங்களை நம்பி இவ்வளவு தூரம் வந்தோமே வடிவு என்பாள். திட்டமாட்டாள். அதுதான் பயம்.

"ஒரிஜினல்தான்டி." எதிர் இருக்கையில் மூன்று கல்லூரிப் பெண்கள், நடுவில் இருந்தவள்தான் சொன்னாள். மூவருக்கும் இடது கன்னத்தில் கறுப்புப் பொட்டு. "பொறந்தப்பவே இருந்துச்சாம், நான் படிச்சேன்." "போடி, பச்சை குத்தினது. இல்லன்னா இவ்ளோ வட்டமா எப்படி வரும்?" "வட்டமா எங்க இருக்கு, முதல் படத்துல பாரு, ஒரு பக்கம் லேசா இழுத்த மாதிரி இருக்கும். நான் அந்த இழுப்போடதான் வைப்பேன்." அந்த இழுப்பு. கன்னத்தை எடுக்கும்போது மிதுளா தூக்கத்தில் தலையைத் திருப்பினாள், அப்போது விழுந்த இழுப்பு. மேக்கப்காரன் இப்போதெல்லாம் வரைகிற வட்டத்தில் அது கிடையாது. இந்தப் பெண் கன்னத்தில் இருக்கிறது. எழுந்துபோய் அந்தக் கன்னத்தைத் தொட வேண்டும்போல் விரல் குறுகுறுத்தது. அந்தப் பெண் நிமிர்ந்து நேரே வடிவைப் பார்த்தாள். வடிவுக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, அந்த ஜன்னல் ஷட்டரக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன், காத்தே வரல." ஏற்றிவிட்டாள். ஸ்டேஷன் குழாயடியில் துப்பட்டா முனையை நனைத்து, கம்பெனிக்காக வைத்துக்கொண்டு போன பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் வண்டி ஏறியிருந்தாள். அது இல்லாவிட்டால் அவளை யாருக்கும் தெரியாது. மடியில் அட்டையில் இருக்கிற முகமும் அவள் கழுத்துக்கு மேல் இருக்கிற முகமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் ஒரு துணிப்பையும் ஒரு பொட்டும் இருக்கிறது. கதவோரம் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னாமே, மூணு பேரும் திருஷ்டிப் பொட்டு வச்சினு கீறீங்க, எவன் கண்ணு போட்டான்?" என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இது மச்சம் ஆயா, ஸ்டைலு." "அட, வச்சிக்கோ வச்சிக்கோ. ஆனா புள்ளய பெத்து அதுக்கு வைக்கிறத நீங்க வச்சினா, புள்ளைக்கு இன்னாத்த வைப்பீங்கோ?" அந்தம்மாவும் சேர்ந்து சிரித்தாள், வெற்றிலை எச்சிலைக் கதவுக்கு வெளியே துப்பினாள், வண்ணாரப்பேட்டையில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் இறங்கி வெகுநேரம் ஆகியும் வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

புள்ளைக்கு இன்னாத்த வைப்பீங்கோ. மிதுளாவின் கன்னம் இப்போது வெறும் கன்னம். போன மாதம் அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசிப் பொட்டு வைத்து, வழக்கம்போல ஸ்டேட்டஸில் படம் போட்டாள். யாரோ ஒருத்தி, 'அய்யோ க்யூட், குட்டிப் பாப்பாவுக்குக்கூட மச்சப் பொண்ணு வேஷமா' என்று எழுதினாள். அதை யார் யாருக்கோ அனுப்பி, கம்பெனி வரைக்கும் போய், தாரிணி போன் பண்ணினாள். கோபமே இல்லாமல். "மறைக்கச் சொல்லல வடிவு. குழந்தை விஷயம் இப்போதைக்கு வெளிய வேண்டாம், கொஞ்சம் புதிரா இருக்கட்டும்னுதான். அந்தப் படத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்களேன்." சரிங்க மேடம். அண்ணி எடுத்துவிட்டாள், எடுத்துவிட்டு ஆடித் தீர்த்தாள். "வேஷமாம்ல வேஷம்! சொந்தப் பொட்ட வச்சினதுக்கு எம்புள்ள இன்னொருத்திய காப்பியடிக்குதாம்!" அன்றிலிருந்து, யாராவது போகிற போக்கில் படம் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், மை டப்பா அலமாரி மேலேயே இருக்கிறது. பொட்டு என்பது என்ன, பார்க்கிறவன் கண் முதலில் அதில் போய் விழட்டும், பிள்ளைமேல் விழ வேண்டாம் என்பதற்காகத்தானே. அந்தப் பொட்டைத் தாய்க்காரி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஊர்க்கண்ணையெல்லாம் கூப்பிட்டு வைத்திருக்கிறாள். பொட்டு இங்கே, பிள்ளை அங்கே. பிறகு உடம்பு ஏன் கதகதக்காது. டாக்டர் பல் முளைக்கிற காய்ச்சல் என்றுதான் சொன்னார். சரி, பல்தான். ஆனாலும் ராத்திரி தொட்டிலுக்குள் கையை விட்டுக் கன்னத்தைத் தடவும்போது விரல் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஒன்றும் இல்லாத இடம். துணி காய்கிற கொடியில் ஒரு சட்டையை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. ஸ்டேஷன் போர்டு ஒவ்வொன்றும் வந்து நின்று, முகத்தைக் காட்டிவிட்டு, நழுவிப் போகிறது. எங்கோ பின் இருக்கையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான், சட்டை நனைந்தது. கறுப்பு, தெரியாது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டில் மிதுளா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இப்போதுதான் நிற்கப் பழகியிருக்கிறாள், நின்றுகொண்டு தெருமுனையைப் பார்த்து 'ம்மே' என்பாள். மாடு போனாலும் ம்மே, வடிவு வந்தாலும் ம்மே. போன வாரம் படப்பிடிப்பிலிருந்து அவசரத்தில் பொட்டோடேயே போய்விட்டாள். குழந்தை எட்டி, விரலால் அந்த வட்டத்தைத் தொட்டு, சுரண்டிப் பார்த்தது. மேக்கப்காரன் போட்ட மை, வரவில்லை. வரவில்லை என்றதும் உதடு பிதுங்கி அழுதது. தன்னுடையதைக் கேட்டதா, அம்மா முகத்தில் இது என்ன என்று பயந்ததா, யாருக்குத் தெரியும். மேடம், ஒரு வரி போட்டால் போதும். அந்தப் புத்தகத்தில் பிறக்கும்போதே என்று இருக்கிற இடத்தில். இது மிதுளாவின் பொட்டு. இல்லை, என் மகளுடையது. இல்லை, மேடம் நான் ஒன்று சொல்லட்டுமா. ஆரம்பமே வராமல் நடு வரியும் கடைசி வரியும் மட்டும் வருகிறது. பாட்டானால் யாராவது சுருதி கொடுப்பார்கள். இதற்கு யார் கொடுப்பார்கள். திருவொற்றியூரில் இறங்கும்போது அந்தக் கல்லூரிப் பெண் காலை மடக்கி வழிவிட்டாள், இழுப்போடு இருந்த பொட்டை வடிவு கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

வாசற்படியில் ஆளில்லை. வடிவு எட்டி நடந்தாள். பிறகு உள்ளேயிருந்து அண்ணியின் குரல், "இன்னா வடிவு, மச்சத்தக் கடாசிட்டு வந்துட்டியா? வா வா, வேர்த்துக் கொட்டி ஜுரம் வுட்டுப்போச்சு, உன்னத்தான் தேடுது." பையைக் கீழே போட்டுவிட்டு மிதுளாவை வாங்கி, சுவரில் சாய்ந்து, பால் கொடுத்தாள். நெற்றி ஈரமாக, குளிர்ந்திருந்தது. வயிறு நிறைந்ததும் குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கிப் பையை இழுத்தது. அட்டை வெளியே வந்தது. "அம்மாடியோவ், இன்னாடி இது, இம்மாம் பெரிய மூஞ்சி!" என்று அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மிதுளா அந்த முகத்தைப் பார்த்தது, வடிவைப் பார்க்கவில்லை, நேரே கறுப்பு வட்டத்தில் விரலை வைத்துச் சுரண்டியது. உதடு பிதுங்கத் தொடங்கியது. வடிவு சட்டென்று உள்ளே இருந்த கறுப்பு உறையை உருவினாள். குழந்தையின் விரல் உள்ளே போய்விட்டது. அழ வந்தது சிரிப்பாக மாறியது. அட்டைக்கு அந்தப் பக்கம் போய் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தது. முறத்தளவு முகத்தின் கன்னத்தில் ஒரு சின்னக் கண், உருண்டு உருண்டு, அம்மாவைத் தேடியது. எவருக்கும் உரியவள் அல்லள் என்று எழுதியிருந்த புத்தகம் அதன் முழங்காலுக்கடியில் கசங்கியது. வடிவு எழுந்தாள். அலமாரி மேலிருந்து மை டப்பாவை எடுத்தாள். விரல் நுனியில் தொட்டு, குழந்தையைப் பிடித்து இழுத்து, அந்த வெறும் கன்னத்தில் வைத்தாள். வைத்த கை எடுக்க மனசில்லாமல் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள். மிதுளா தலையைத் திருப்பினாள். போன் அடித்தது.

திரையில் தாரிணி. பின்னால் அந்தக் குளிர் அறை. "வடிவு, வீட்டுக்குப் போயிட்டீங்களா? அட்டை எப்படி இருக்கு, சரிதானே?" சரிங்க மேடம் என்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தாரிணி கண்ணைச் சுருக்கித் திரைக்குக் கிட்டே வந்தாள். "வீட்லகூட மச்சம் வச்சுக்கறீங்களா என்ன? ஆனா… இது அந்த முதல் படத்துல இருந்த மாதிரியே இருக்கே. எவ்வளவு வரைஞ்சு பாத்தாலும் எங்களுக்கு வராத அந்த இழுப்பு. யாரு போட்டு விட்டாங்க?" வடிவு போனை மெல்லத் திருப்பினாள். ஓட்டை வழியாக விரலை விட்டு எடுத்து விளையாடிக்கொண்டிருந்த மிதுளா, வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். கன்னத்தில் பொட்டு, அம்மா பக்கம் ஈஷிப்போய். போனுக்குள் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அப்போ அன்னிக்கும்…?"

"அன்னிக்கும் இவ பொட்டுதான் மேடம்" என்றாள் வடிவு. பழக்கத்தில் குரலைத் தணித்துத்தான் ஆரம்பித்தாள். ஆனால் பிள்ளை தூங்கவில்லையே, தணிக்கத் தேவையில்லை என்று அப்போதுதான் உறைத்தது. "ஆட்டோவுல தூங்கினு இருந்தா. முத்தம் குடுத்துட்டு வந்தேன். அட்டை நல்லாருக்கு மேடம், ரொம்ப நல்லாருக்கு. அந்தப் புஸ்தகத்த மட்டும் இன்னிக்கு அச்சுக்கு அனுப்பாதீங்க."

மிதுளா போனை நோக்கித் தவழ்ந்து வந்து, திரையில் தெரிந்த முகத்தின் கன்னத்தை விரலால் சுரண்டிப் பார்த்தது.